தோற்ற பிறகும் எழுந்து நின்ற கேலரி

1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கம் டெஸ்டில் பாகிஸ்தானிடம் இந்தியா 12 ரன்னில் தோற்றது. இலக்கு 271. முதுகுவலியோடு 136 ரன் அடித்த டெண்டுல்கர் அவுட்டானபோது தேவைப்பட்டது 17 ரன்தான். நான்கு ரன் சேர்வதற்குள் மிச்சமிருந்த மூன்று விக்கெட்டுகளும் விழுந்தன. அரங்கம் முதலில் உறைந்தது, பிறகு எழுந்து நின்று கைதட்டியது. வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி வந்து அந்தக் கைதட்டலை ஏற்றுக்கொண்டது. அதைச் சென்னை ரசிகரின் பெருந்தன்மை என்று இன்றுவரை சொல்லிவருகிறோம். அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. பெருந்தன்மை ஊர் மண்ணிலேயே விளைவது என்றால், கல்லூரி மைதானத்தில் எதிரணி வீரரைக் கெட்ட வார்த்தையில் திட்டும் மாணவரை மாற்ற நமக்கு வழியே இல்லை என்றாகிவிடும்.

அதே பாகிஸ்தானோடு அடுத்த மூன்று வாரத்துக்குள் நடந்த கொல்கத்தா டெஸ்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஈடன் கார்டன்ஸ் ரசிகருக்குக் கிரிக்கெட் ஞானம் குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கே டெண்டுல்கர் ரன் ஓடும்போது ஷோயப் அக்தர் மேல் மோதி, கிரீஸை எட்ட முடியாமல் ரன் அவுட் ஆனார். அரங்கம் கொதித்தது. கடைசி நாளில் ரசிகர்களை வெளியேற்றிவிட்டு, காலி கேலரிக்கு முன்னால் ஆட்டத்தை முடித்தார்கள். சேப்பாக்கத்திலும் குறை இல்லாமல் இல்லை. கங்குலிக்குக் கொடுத்த அவுட் மீது பலத்த சந்தேகம் இருந்தது. ஆனால் கடைசியில் ஆட்டத்தைப் பறித்தது சக்லைன் முஷ்டாக்கின் சுழல் என்பதை எல்லோரும் கண்ணால் கண்டார்கள். இரண்டு இன்னிங்ஸிலும் அவருக்கு ஐந்தைந்து விக்கெட். தோல்வி ஆட்டத்தால் வந்தது என்று நம்பிய கூட்டம் கைதட்டியது. அநியாயத்தால் வந்தது என்று நம்பிய கூட்டம் பாட்டில் வீசியது. ரசிகரின் பண்பு பெரும்பாலும் இந்த நம்பிக்கையைப் பொறுத்தே அமைகிறது என்பது என் முடிவு.

அதனால் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளில் ஒழுங்கைக் கோரும் முன், நியாயத்தை உறுதிசெய்ய வேண்டும். போட்டியை நடத்தும் கல்லூரியின் ஆளே நடுவராக நின்றால், சரியான முடிவும் சதியாகத்தான் தெரியும். வெளி நடுவர் வேண்டும்; சர்ச்சைக்குரிய முடிவுக்கான காரணத்தை உடனே மைக்கில் சொல்ல வேண்டும். செலவு அதிகம் என்பார்கள். விழா மேடைக்கும் ஃபிளெக்ஸ் பேனருக்கும் செய்யும் செலவில் ஒரு பங்கு போதும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. பேருந்திலும் ரயிலிலும் 'ரூட்டு தல' (ஒரு வழித்தடத்து மாணவர் கூட்டத்தின் தலைவன்) யார் என்று மாணவர்கள் மோதிக்கொள்ளும் ஊரில், இரண்டு கல்லூரி மாணவர்களை ஒரே கேலரியில் உட்கார வைப்பது ஆபத்து என்பது. 2024 அக்டோபரில் அப்படியொரு தாக்குதலில் ஒரு மாணவர் உயிரிழந்த பிறகு இந்த அச்சத்தை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் அந்த மோதலில் அணிகள் இருக்கின்றன, ஆட்டம் இல்லை. விதி கிடையாது, நடுவர் கிடையாது, முடிந்தது என்று சொல்ல ஒரு விசில் கிடையாது. பழிக்குப் பழி என்று நீண்டுகொண்டே போகிறது. கல்லூரிப் பெருமைக்கு முடிவுள்ள ஒரு களத்தைக் கொடுப்பதுதான் அதற்கு மாற்று. அசோக் நகரில் ஒரே தெருவிலிருந்து ஒரு பிள்ளை லயோலாவுக்கும் இன்னொன்று விவேகானந்தாவுக்கும் மூன்றாவது மாநிலக் கல்லூரிக்கும் போகலாம். சாயங்காலம் மூவரும் ஒரே டீக்கடையில் நிற்பார்கள். அவர்களிடையே பிறவிப் பகை ஒன்றும் இல்லை.

கேலி இல்லாமல் என்ன ஆட்டம் என்று மாணவர்கள் கேட்பார்கள். விசிலும் மேளமும் கானாவும் இருக்கட்டும், காது கிழியட்டும். ஒருவனுடைய சாதி, நிறம், தாய் ஆகியவற்றைத் தொடும் கூச்சலை மட்டும் அனுமதிக்கக் கூடாது. அதைத் தடுக்கப் போலீஸைவிட அந்தக் கல்லூரியின் சொந்த கேப்டனே பொருத்தமானவர். 1999-இல் கொதித்த கொல்கத்தா கூட்டத்தை ரன் அவுட் நடந்த நாளில் அமைதிப்படுத்தியது, மைதானத்தைச் சுற்றி நடந்து வேண்டிக்கொண்ட டெண்டுல்கர்தான். மறுநாள் அது மீண்டும் வெடித்தது உண்மை. ஆனாலும் அன்று ஆட்டம் தொடர்ந்தது அவர் நடந்ததால்.