சீனத்து மிஷன் கல்லூரிகள்: மூன்று உரைகற்கள்

சீனத்தில் மிஷனரிகள் நிறுவிய கல்விக்கூடங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. 1864-இல் ஷான்டோங் மாநிலத்து டெங்ஜோவில் பள்ளி தொடங்கிய அமெரிக்கப் பாதிரியார் கால்வின் மட்டீர், கணக்கையும் சீன மொழியிலேயே கற்பித்தார். அதற்கான பாடநூலையும் தாமே எழுதினார். கன்பூசியப் பழநூல்களும் அங்கே பாடம். 1879-இல் எழுந்த ஷாங்காய் செயின்ட் ஜான்ஸ் எதிர்த்திசையில் நடந்தது. துறைமுக நகரத்து வணிகக் குடும்பங்கள் கேட்ட ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாக்கிப் புகழ் பெற்றது. இக்கூடங்கள் எவ்வளவு சீனமயமாயின என்பதற்கு மொழிதான் முதல் உரைகல்.

இரண்டாவது, வழிபாடு: அதைக் கட்டாயமாக்கலாமா என்ற கேள்வி. 1922-இல் கிறிஸ்தவ எதிர்ப்பு இயக்கமும், 1924-இல் கல்வி உரிமையை மீட்கும் இயக்கமும் கிளம்பின. 1925 மே 30 அன்று, ஷாங்காயில் பிரிட்டிஷ் அதிகாரியின் கீழிருந்த காவலர்கள் ஊர்வலத்தினரைச் சுட்டனர். இறந்தோருக்காகக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட செயின்ட் ஜான்ஸ் மாணவர்கள் முயன்றபோது தலைவர் தடுத்தார். நூற்றுக்கணக்கானோர் வெளியேறினர், குவாங்ஹுவா பல்கலைக்கழகம் பிறந்தது. அவ்வாண்டு நவம்பரில் பெய்ஜிங் கல்வி அமைச்சகம் விதி வகுத்தது: மதபோதனை கட்டாயப் பாடமாகக் கூடாது, தலைவரோ துணைத்தலைவரோ சீனராக இருக்க வேண்டும், ஆட்சிக்குழுவில் சீனரே பெரும்பான்மை.

மூன்றாவது உரைகல் பதவி. 1927-இல் காண்டன் லிங்னானுக்கு ஜோங் ரொங்குவாங் தலைவரானார். 1928-இல் நான்ஜிங் ஜின்லிங் மகளிர் கல்லூரியை, அதன் முதல் பட்டதாரிகளில் ஒருவரான வூ யீஃபாங் ஏற்றார். அவர் உண்மையாகவே ஆண்டார். பெய்ஜிங் யென்ச்சிங் பல்கலைக்கழகத்தில் கதை வேறு. 1929-இல் பேரரசுக் கால ஹான்லின் கழக அறிஞர் வூ லெய்சுவான் தலைவரானார். அதிகாரமோ அமெரிக்க மிஷனரி லெய்டன் ஸ்டூவர்ட் கையிலும், பணம் அமெரிக்க அறக்குழுவிடமும் இருந்தன. 1934-இல் வூ விலகினார். செயின்ட் ஜான்ஸ் 1947-இல்தான் அரசிடம் பதிவு பெற்றது.

யென்ச்சிங் வளாகத்தில் 1924-இல் கட்டிய பகோடா ஒன்று உண்டு. வெளியே பௌத்தக் கோபுரம். உள்ளே தண்ணீர்த் தொட்டி. சீனமயமாதல் எங்கே தோலோடு நின்றது, எங்கே எலும்பில் ஏறியது என்று அளக்க அதுவே அடையாளம்.

1952-இல் இக்கல்லூரிகள் கலைக்கப்பட்டன. யென்ச்சிங் வளாகம் பெய்ஜிங் பல்கலைக்கழகத்துக்கும், ஜின்லிங் வளாகம் இன்றைய நான்ஜிங் நார்மல் பல்கலைக்கழகத்துக்கும் சென்றன. சீனமயமாதலை 1925 அரசாணை விரைவுபடுத்தியது, விதைத்தது அதுவன்று. மட்டீரின் சீனப் பாடநூல் ஆணைக்குப் பல பத்தாண்டுகள் மூத்தது. பள்ளியைச் சொந்தமாக்குவது பெயர்ப்பலகை அன்று. பாடம் எந்த மொழியில், சாவி யார் கையில் என்பதே.