மீட்டருக்கு மேலே

சென்னையில் ஆட்டோவைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அது ஓட்டுநரைத் திட்டுவதில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். திட்டுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சென்ட்ரல் வாசலில் பெட்டியோடு நிற்பவரின் முகத்தைப் பார்த்து, பேச்சைக் கேட்டு, ஊருக்குப் புதியவரா பழகியவரா என்று கணித்து வாடகை சொல்லும் வித்தை இந்த ஊரின் வெகுநாள் பழக்கம். ஓலாவும் ஊபரும் வந்தபோது நடுத்தர வர்க்கம் அவற்றைக் கொண்டாடியது இதனால்தான். பத்தாண்டுக்கும் மேல் ஆகிவிட்ட நிலையில் அந்தக் கொண்டாட்டத்தைத் திரும்பக் கணக்குப் பார்க்கலாம். செயலிகளின் பெருமையையும் குற்றத்தையும் தனியே எடுத்துப் பேசுவது பாதி உண்மையாகவே இருக்கும் என்பது என் எண்ணம். அரசு கவனிக்காமல் விட்ட ஓர் இடத்தில் வந்து உட்கார்ந்தவை அவை. அந்த இடம் எப்படிக் காலியானது என்பதிலிருந்து தொடங்குவதே முறை.

2013 ஆகஸ்டில் தமிழக அரசு சென்னை ஆட்டோக்களுக்குப் புதிய கட்டணம் அறிவித்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன் பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய், இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை ஒன்றரை மடங்கு. அதற்கு முன் 2007இல் நிர்ணயித்த கட்டணம், முதல் 2 கிலோமீட்டருக்கு 14 ரூபாயும் பிறகு கிலோமீட்டருக்கு 6 ரூபாயும் என்று காகிதத்தில் மட்டுமே இருந்தது. புதிய கட்டணம் வந்த சில மாதங்கள் போக்குவரத்துப் போலீஸாரும் வட்டாரப் போக்குவரத்து அலுவலர்களும் தெருவில் இறங்கிச் சோதனை செய்தார்கள். மீட்டர் ஓடியது, பயணிகள் வியந்தார்கள். ஜி.பி.எஸ். பொருத்திய, ரசீது அச்சிடும் மின்னணு மீட்டரை அரசே இலவசமாகத் தரும் என்ற அறிவிப்பும் வந்தது. அந்த மீட்டர் வரவே இல்லை. சோதனைகள் குறைந்தன. பெட்ரோல் விலை அப்போது லிட்டருக்கு 75 ரூபாயை ஒட்டி இருந்தது. பிறகு 100 ரூபாயைத் தாண்டியது. கட்டணம் மட்டும் 2013இலேயே நின்றுவிட்டது. விலைவாசியோடு சேர்ந்து நகராத மீட்டரை எந்த ஓட்டுநர் போடுவார்? சட்டப்படி ஓட்டினால் டியூ கட்ட முடியாது, டியூ கட்ட வேண்டுமென்றால் சட்டத்தை மீற வேண்டும் என்ற நிலைக்கு ஒரு தொழிலையே தள்ளிவிட்டு, ஓட்டுநரின் ஒழுக்கத்தைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருந்தோம்.

மற்ற ஊர்களைப் பார்த்தால் இது தெளிவாகும். மும்பையில் அவ்வப்போது குழு அமைத்து, எரிபொருள், பராமரிப்பு, வாழ்க்கைச் செலவு எல்லாவற்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டுக் கட்டணத்தைத் திருத்துகிறார்கள். 2025 பிப்ரவரியில் அங்கே ஆட்டோவின் குறைந்தபட்சக் கட்டணம் 23 ரூபாயிலிருந்து 26 ஆனது. மூன்று ரூபாய்தான் உயர்வு. ஆனால் அந்த மூன்று ரூபாய் உரிய காலத்தில் கிடைத்துவிடுவதால் அங்கே மீட்டர் உயிரோடு இருக்கிறது. சவாரிக்கு வர மறுப்பார்கள் என்ற புகார் மும்பையில் நிறைய உண்டு. ஏறி உட்கார்ந்த பிறகு பேரம் பேசுவதில்லை. பெங்களூரில் 2021 டிசம்பரில் கட்டணத்தைத் திருத்தினார்கள், 2025 ஆகஸ்டில் மறுபடியும் திருத்தி 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய் ஆக்கினார்கள். அதே நாடு, அதே செயலிகள். சென்னையில் மட்டும் செயலிக்கு இவ்வளவு பெரிய இடம் கிடைத்ததற்கு மென்பொருளின் திறமை மட்டும் காரணமாக இருக்க முடியாது.

சென்னை கட்டண அறிவிப்பு வெளியான அதே 2013 ஆகஸ்டில்தான் ஊபர் தன் முதல் இந்தியச் சேவையைப் பெங்களூரில் தொடங்கியது. ஓலா அதற்கு மூன்று ஆண்டு மூத்தது. இவர்களுக்கும் முன்பே சென்னையில் ஃபாஸ்ட் டிராக் போன்ற கால் டாக்ஸிகள் இருந்தன. கோவையில் ரெட் டாக்ஸி என்ற உள்ளூர் நிறுவனம் பெரிய செயலிகளோடு மல்லுக்கட்டி இன்னமும் நிற்கிறது. அதனால் போன் செய்து வண்டி வரவழைப்பது புதுமை ஆகாது. ஏறுவதற்கு முன்பே தொகை திரையில் தெரிவதும், அது ஆளுக்கேற்ப வாய்மொழியாக மாறாமல் இருப்பதும்தான் புதுமை.

இதன் அருமையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பேரம் பேசத் தெம்பில்லாத முதியவருக்கும், தமிழ் தெரியாமல் பழைய மாமல்லபுரம் சாலையில் வேலைக்கு வந்திறங்கிய இளைஞருக்கும், இரவு ஷிப்ட் முடிந்து தனியே திரும்பும் பெண்ணுக்கும் அந்தத் திரை ஒரு காப்பு. வண்டி எண், ஓட்டுநர் பெயர், போகும் வழி எல்லாம் பதிவாகின்றன. வீட்டில் இருப்பவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். வெளிநாட்டிலிருக்கும் மகள் அங்கிருந்தே மயிலாப்பூரில் இருக்கும் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடிகிறது. பதிவு மட்டுமே பாதுகாப்பாகிவிடாது என்பதை 2014 டிசம்பரில் தில்லியில் ஊபர் ஓட்டுநர் ஒருவர் பெண் பயணியை வன்கொடுமை செய்த வழக்கு கசப்பாகக் காட்டியது. ஓட்டுநரின் பின்னணியை ஒழுங்காக விசாரிக்காதது அப்போது வெளிச்சத்துக்கு வந்து, தில்லியில் சேவைக்குத் தடை விழுந்தது. ஆனால் ஓட்டுநரை அடையாளம் காண அந்தப் பதிவும் உதவியது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஓட்டுநருக்கும் ஆரம்பத்தில் லாபம் இருந்தது. ஸ்டாண்டில் இடம் பிடிக்க சங்கத்தின் தயவு வேண்டாம். வரிசையில் காத்திருக்க வேண்டாம். இறக்கிவிட்ட இடத்திலேயே அடுத்த சவாரி கிடைத்தால் வெறும் வண்டியாகத் திரும்பும் நஷ்டமும் இல்லை. இதற்கு மேல் ஊக்கத்தொகை வேறு. இத்தனை சவாரி ஓட்டினால் இவ்வளவு என்று நிறுவனங்கள் கொட்டின. அந்தப் பணம் பயணியின் பையிலிருந்து வந்ததில்லை. ஜப்பானின் சாஃப்ட்பேங்க் 2014இல் ஓலாவில் முதல் போட்டது. 2018இல் ஊபரின் பெரும் பங்குதாரராகவும் ஆனது. தெருவில் இரண்டு போட்டிக் கடை, பின்னால் ஒரே முதலாளியின் பணம். மலிவு என்று நாம் மகிழ்ந்த சவாரிகளுக்கு மிச்சத் தொகையைக் கட்டியது யாரோ ஒரு முதலீட்டாளர். அந்த வருமானம் நிலையானது என்று நம்பிக் கடன் வாங்கிக் கார் எடுத்தவர்கள்தான் அகப்பட்டுக்கொண்டார்கள். ஊக்கத்தொகை குறைந்தபோது டியூ குறையவில்லை. 2017 பிப்ரவரியில் தில்லியிலும் 2018 அக்டோபரில் மும்பையிலும் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதற்கு இதுவே பின்னணி.

செயலிகள் பிடித்த கமிஷன் பல சவாரிகளில் வாடகையின் கால் பங்கை ஒட்டி வந்தது. அதைவிட எரிச்சல், கணக்குப் புரியாதது. பயணி கட்டிய தொகை ஒன்று, ஓட்டுநர் கைக்கு வந்தது வேறொன்று. இடையில் எது எப்படிக் கழிந்தது என்று கேட்க ஆள் கிடையாது. பழைய நாளில் சேட்டிடம் வாடகைக்கு வண்டி எடுத்தவர், பிடித்தம் அதிகம் என்றால் நேரில் போய்ச் சண்டையாவது போட முடிந்தது. இப்போது ஐடி பிளாக் ஆனால் காரணம் கேட்கக்கூட முகவரி இல்லை. பயணி ஒரு நொடியில் போடும் நட்சத்திரம் ஓட்டுநருடைய அடுத்த வாரச் சோற்றைத் தீர்மானிக்கிறது. ஆனால் நிறுவனத்தின் பார்வையில் அவர் ஊழியர் ஆகமாட்டார். சுயதொழில் செய்யும் கூட்டாளி. வருங்கால வைப்பு நிதியும் விடுப்பும் கேட்டால் மட்டும் இந்தக் கூட்டாளித்தனம் நினைவுக்கு வரும்.

தேவை கூடும் நேரத்தில் கட்டணமும் கூடுவதற்கு நிறுவனங்கள் சொல்லும் நியாயம் பாடப்புத்தகத்தில் படிக்க அழகாக இருக்கும். விலை ஏறினால் கூடுதல் வண்டிகள் வரும், கூட்டம் தீரும் என்பார்கள். சென்னையில் கனமழை பெய்யும் நாளில் சுரங்கப்பாதைகள் மூழ்கி, வேளச்சேரியில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது விலையை எவ்வளவு ஏற்றினாலும் வண்டி வராது. இன்ஜினில் தண்ணீர் புகுந்தால் செலவு ஓட்டுநருடையது. அப்படிப்பட்ட நாளில் விலையேற்றம் வண்டியை வரவழைப்பதில்லை. இருக்கிற ஓரிரு வண்டியில் யார் ஏறுவது என்பதைப் பணத்தால் தீர்மானிக்கிறது, அவ்வளவுதான். கிளாம்பாக்கத்தில் நிலைமை வேறு. 2023 டிசம்பர் 30 அன்று அங்கே பேருந்து முனையம் திறந்த பிறகு, தென் மாவட்டங்களிலிருந்து இரவுப் பேருந்தில் வருபவர்கள் விடியுமுன் நகரத்துக்கு வெகு தொலைவில் இறங்குகிறார்கள். மெட்ரோ ரயில் விமான நிலையத்தோடு நின்றுவிடுகிறது. அத்தனை பேரும் ஒரே சமயத்தில் செயலியைத் திறந்தால் விலை எகிறாமல் என்ன செய்யும்? இந்தக் கூட்டம் தினமும் வரும் கூட்டம், எந்த நேரத்தில் வரும் என்று முன்பே தெரிந்த கூட்டம். அதற்கு வழி செய்யாதது திட்டமிட்டவர்களின் பிழை. அதன் தண்டத்தைப் பயணியிடம் வசூலிப்பது செயலி. நேர்மையாகச் சொன்னால், செயலி இல்லாத காலத்தில் அந்த விடிகாலையில் ஸ்டாண்டுக்காரர்கள் கேட்டிருக்கக்கூடிய தொகையும் இதைவிடக் குறைவாக இருந்திருக்காது.

அண்மைத் திருப்பம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2022 நவம்பரில் பெங்களூரில் ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தின் ஆதரவோடு வந்த நம்ம யாத்ரி என்ற செயலி கமிஷன் வாங்காமல், பின்னர் நாளொன்றுக்கு 25 ரூபாய் சந்தா என்ற முறைக்குப் போனது. ராபிடோவும் ஆட்டோக்களுக்கு இதே வழிக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் ஊபரும் ஆட்டோ சவாரிகளில் கமிஷனைக் கைவிட்டது: வாடகையைப் பயணி ஓட்டுநரிடமே ரொக்கமாகவோ யு.பி.ஐ. மூலமோ கொடுத்துக்கொள்ளலாம், திரையில் தெரியும் தொகை உத்தேசம்தான். ஓட்டுநருக்கு இது சந்தேகமில்லாமல் நல்ல ஏற்பாடு. ஓட்டிய காசு முழுவதும் அன்றன்றைக்கே கையில். கமிஷன் முறை இனித் திரும்ப வந்துவிடக் கூடாது என்றே நானும் விரும்புகிறேன்.

ஆனால் பயணி ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டார். புக் செய்த உடனே போன் வருகிறது: "டிராப் எங்க சார்? ஆப்ல காட்டுறதுக்கு மேல ஐம்பது ரூபா போட்டுக் குடுத்துடுங்க." சம்மதிக்காவிட்டால் கேன்சல். வண்டி வரவேண்டுமென்றால் முன்கூட்டியே டிப்ஸ் சேர்க்கச் சொல்லிச் செயலியே தூண்டுகிறது. இதற்காக 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஊபருக்கு நோட்டீஸ் அனுப்பியது. செயலி தந்த மிகப் பெரிய நன்மை பேரம் ஒழிந்தது என்றால், அந்த நன்மை போய்விட்டது. நிறுவனமோ தன்னை வெறும் மென்பொருள் வாடகைக்கு விடுபவராகச் சொல்லிக்கொள்கிறது. அப்படியானால் சரக்கு சேவை வரியை யார் கட்டுவது என்ற கேள்வியில் கர்நாடகத்தின் முன்தீர்ப்பு ஆணையம் நம்ம யாத்ரிக்கு ஒரு மாதிரியும் ஊபருக்கு வேறு மாதிரியும் சொன்னது. வரி விவகாரமாவது ஒருநாள் நீதிமன்றத்தில் தீர்ந்துவிடும். புகாரை யாரிடம் கொடுப்பது, விபத்தானால் யார் பொறுப்பு என்ற கேள்விகளும் அதே இடைவெளியில்தான் விழுகின்றன.

தொழிலாளர் பக்கம் சில அசைவுகள் உண்டு. இணையவழித் தொழிலாளர்களுக்கு நல வாரியம் அமைப்பதாக 2023 சுதந்திர தின உரையில் முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார்; அது அமைந்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, இத்தகைய நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் வரை தொழிலாளர் நலனுக்குத் தர வேண்டும் என்கிறது. நல்லது. சவாரியின் விலை அநியாயமாக இருக்கும்வரை இவற்றால் பெரிய மாற்றம் வராது என்பது வேறு விஷயம்.

பொறுமை இழந்த சென்னை ஓட்டுநர் சங்கங்கள் 2025 பிப்ரவரியில் தாங்களாகவே ஒரு கட்டணத்தை அறிவித்தன: 1.8 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 18. கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரம் அரசுக்கு மட்டுமே என்று உடனே பதில் வந்தது. அதிகாரம் உண்டு, சரி. பன்னிரண்டு ஆண்டாக அதைப் பயன்படுத்தாதவர்கள் சொல்லும்போது கேட்கத்தான் கொஞ்சம் சிரிப்பாக இருக்கிறது. 5 கிலோமீட்டர் போனால் அரசுக் கணக்கில் 63 ரூபாய் சொச்சம், சங்கக் கணக்கில் 107 ரூபாய் சொச்சம். நியாயமான தொகை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து, எரிபொருள் விலையோடு தானாக நகரும்படி ஒரு சூத்திரத்தில் கட்டிவைப்பதற்குச் செயற்கை நுண்ணறிவு ஒன்றும் தேவையில்லை.

இதைத் தள்ளிப்போட இனி முடியாது என்பதற்கு மத்திய அரசின் 2025 ஜூலை வழிகாட்டு நெறிகள் ஒரு காரணம் தருகின்றன. மாநில அரசு அறிவிக்கும் கட்டணமே அடிப்படை. செயலிகள் அதில் பாதிவரை குறைக்கலாம், இரண்டு மடங்குவரை ஏற்றலாம் என்கின்றன அவை. மாநிலங்கள் ஏற்று அறிவித்தால்தான் இவை செல்லும். தமிழகம் 2013இன் 12 ரூபாயை வைத்துக்கொண்டே அவற்றை ஏற்றால், செயலியின் உச்சவரம்பு கிலோமீட்டருக்கு 24 ரூபாய். அடிவரம்பு 6 ரூபாய், அதாவது 2007இன் கட்டணம்.