எண்ணிக்கையின் அதிகாரம்: பாவனைக் கூடைப்பந்து பற்றிச் சில குறிப்புகள்

விளையாட்டைப் பற்றி எழுதினால் நம் வட்டத்தில் ஒரு சிரிப்பு எழும். 'இதுக்கெல்லாமா கட்டுரை?' என்பார்கள். அதிலும் யாருமே ஓடாத, யாருக்குமே வியர்க்காத விளையாட்டு என்றால் கேட்கவே வேண்டாம். ஆனாலும் எழுதுகிறேன். உழைப்பு எப்படி எண்ணாக மாறுகிறது, எந்த உழைப்பு எண்ணப்படாமலே போகிறது என்கிற கேள்வியை இவ்வளவு பச்சையாகக் காட்டுகிற வேறொரு பிரதியை நான் அண்மையில் வாசிக்கவில்லை.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தை இணையத்தில் பாவனையாக நடத்துகிற விளையாட்டுகள் உண்டு. 'ஹூப்ஸ் டைனஸ்டி' அவற்றில் பெயர்பெற்ற ஒன்று. பணம் கட்டிச் சேருகிறவர் ஒரு கல்லூரியின் பயிற்சியாளர் ஆகிறார். கணினி உற்பத்தி செய்து தரும் பள்ளிப் பையன்களில் சிலரைப் போட்டி போட்டு இழுத்துத் தன் அணியில் சேர்க்கிறார். வேகம், தூரத்திலிருந்து எறிதல், பந்தைக் கையாளுதல், தடுப்பு, உழைப்புக் குணம் என எல்லாமே எண்கள்தான். ஆட்டத்தை இயந்திரம் நடத்தி முடித்துவிடும். நம் கைக்கு வருவது புள்ளிப் பட்டியல் மட்டுமே. நான்கு பருவம் ஆனதும் ஆட்டக்காரன் 'பட்டம் பெற்று' மறைந்துபோவான். அவன் விட்டுச்செல்வது சாதனைப் பட்டியலில் ஒரு வரி.

எப்போதாவது ஒருத்தன் வருவான். மற்றவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற எண்களோடு வருவான். அவனை வைத்து மொத்தப் புள்ளிச் சாதனையை முறியடிப்பது என்று அந்தப் பயிற்சியாளர் முடிவு கட்டுவார். பிறகு அந்த உலகத்தில் இருக்கிற அத்தனை பேரும் ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் 'இன்னும் எத்தனை?' என்று கணக்குப் பார்ப்பார்கள்.

நான் சில பருவங்கள் இதில் ஓர் அணியை நடத்தியிருக்கிறேன். என்னிடமும் அப்படி ஒருவன் சிக்கினான். அவனுக்குப் பெயர்கூடக் கணினி வைத்ததுதான். என் கவனத்தை இழுத்தது அவனல்ல, ஒரு கட்டம். அணியின் தாக்குதலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பயிற்சியாளர் எண்ணால் நிரப்பவேண்டிய கட்டம் அது. அவன் பெயருக்கு நேரே இருந்த எண்ணைக் கூட்டினேன், மற்றவர்களுடையதைக் குறைத்தேன். அவனுடைய புள்ளிகள் ஏறின, எறிந்த பந்துகளில் கூடைக்குள் விழுகிற விகிதம் இறங்கியது. அதே திறமை, அதே 'உடல்'. மாறியது பங்கீடு மட்டும். ஆக, சாதனை என்று நாம் கொண்டாடுவது தனிமனித மேதைமையின் வெளிப்பாடல்ல. பந்து யார் கைக்குப் போகவேண்டும் என்று தீர்மானிக்கிற அதிகாரத்தின் விளைவும்கூட. பாவனை இதை ஒளிக்கவில்லை, ஒரு கட்டத்தில் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. நிஜம்தான் ஒளிக்கிறது.

*

நிஜத்துக்கு வருவோம். 2023 மார்ச் 2 அன்று ஒஹாயோ மாநிலத்தின் யங்ஸ்டவுனில் டெட்ராய்ட் மெர்சி பல்கலைக்கழக அணி தோற்று வெளியேறியது. அந்த அணியின் ஆன்டவான் டேவிஸ் அன்று எடுத்தது 22 புள்ளிகள். அவருடைய மொத்தம் 3,664. ஆண்கள் கல்லூரிக் கூடைப்பந்தின் சாதனை 3,667. மூன்றே மூன்று புள்ளிகள், அதாவது கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் ஒரே ஒரு பந்து. 14 வெற்றி, 19 தோல்வி என்றிருந்த அணி. கல்லூரியே பணம் கட்டி இடம்பெறுகிற ஒரு சிறு பந்தயத்துக்காவது அழைப்பார்கள், இன்னொரு ஆட்டம் கிடைக்கும் என்று காத்திருந்தார்கள். அழைப்பு வரவில்லை.

முறியாமல் நின்ற அந்த 3,667 பீட் மராவிச்சுடையது. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக 1967 முதல் 1970 வரை மூன்றே பருவங்களில், 83 ஆட்டங்களில் எடுத்தது. ஆட்டத்துக்கு 44.2. டேவிஸுக்கு ஐந்து பருவங்கள், 144 ஆட்டங்கள். கொரோனா காலத்தில் எல்லோருக்கும் கூடுதலாக ஓர் ஆண்டு தரப்பட்டதால் வந்தது ஐந்தாவது பருவம். டேவிஸ் தன் காலத்தில் 588 மூன்று-புள்ளிக் கூடைகள் போட்டவர், அதுவே தனிச் சாதனை. மராவிச் காலத்தில் அந்தக் கோடே கிடையாது. முதலாண்டு மாணவர்கள் பெரிய அணியில் ஆடக்கூடாது என்ற விதியும் இருந்தது. முதலாண்டு அணிக்காக மராவிச் எடுத்த 741 புள்ளிகள் எந்தக் கணக்கிலும் இல்லை. எந்த எண்ணை எந்த எண்ணோடு வைத்துப் பார்ப்பது? இரண்டு எண்களும் ஒரே மொழியில் பேசுவதுபோலத் தோற்றம் தருகின்றன. அவை பேசும் மொழிகள் வேறு வேறு.

ஆனால் ஒரு விஷயம் இருவருக்கும் பொது. மராவிச்சின் பயிற்சியாளர் அவருடைய அப்பா பிரஸ் மராவிச். டேவிஸின் பயிற்சியாளர் அவருடைய அப்பா மைக் டேவிஸ். நான் சொன்ன அந்தக் கட்டத்தை நிரப்புகிற கை, இரண்டு இடத்திலும் தகப்பன் கை. தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனசில்லை. (அவ்வளவு புள்ளி எடுத்தும் மராவிச் தேசியச் சாம்பியன் பந்தயத்தில் ஒருமுறைகூட ஆடியதில்லை.)

இதன் உச்சம் 2012இல் ஐயோவாவின் கிரின்னல் கல்லூரியில் நடந்தது. ஜாக் டெய்லர் என்கிற மாணவர் ஒரே ஆட்டத்தில் 138 புள்ளிகள் எடுத்தார். 108 முறை எறிந்தார். ஊடகங்கள் கொண்டாடித் தீர்த்தன. அன்று எதிரணியில் டேவிட் லார்சன் என்பவர் 70 புள்ளிகள் எடுத்தார், அதுவும் 44 எறிதல்களிலேயே. அந்தப் பெயர் யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

*

மராவிச்சின் எண்ணுக்குள் இன்னொரு மௌனமும் இருக்கிறது. அவர் ஆடியது அமெரிக்கத் தெற்கின் கல்லூரிகளில். அந்தக் கல்லூரிக் கூட்டமைப்பின் கூடைப்பந்தில் ஆடிய முதல் கறுப்பின வீரரான வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பெர்ரி வாலஸ் களத்தில் இருந்ததும் அதே 1967-70 பருவங்களில்தான். ஊர் ஊராக அரங்குகளில் வசையையும் மிரட்டலையும் வாங்கிக்கொண்டு ஆடினார். மராவிச்சின் சொந்தப் பல்கலைக்கழக அணியில் முதல் கறுப்பினர் கோலிஸ் டெம்பிள் ஆடியது மராவிச் போன பிறகு. 3,667 என்ற எண் யார் யாரை வெளியே நிறுத்தி வைத்துப் பெறப்பட்டது என்பதைச் சாதனைப் பட்டியல் சொல்லாது. மராவிச்சின் திறமையைக் குறைத்துச் சொல்வதல்ல என் நோக்கம். அபாரமான ஆட்டக்காரர், சந்தேகமில்லை. எண்ணுக்கு வரலாறு கிடையாது என்கிற பாவனையைத்தான் கேள்வி கேட்கிறேன்.

இங்கே ழான் பொத்ரியார் நினைவுக்கு வருவது தவிர்க்க முடியாதது. டிஸ்னிலாண்ட் கற்பனை என்று காட்டப்படுவது, மீதி அமெரிக்கா நிஜம் என்று நம்மை நம்பவைக்கத்தான் என்றார் அவர். அதே தர்க்கப்படி இணையத்துப் பாவனை விளையாட்டு 'வெறும் பாவனை' என்று காட்டப்படுவது, கல்லூரிக் கூடைப்பந்து நிஜம் என்று நம்பவைக்க. கல்லூரி விளையாட்டே ஒரு பெரிய பாவனைதான்: கோடிக்கணக்கான டாலர் தொலைக்காட்சி வணிகம், ஆடுகிறவன் மட்டும் 'மாணவன்'. இதுவரை சரி. ஆனால் எல்லாமே பிம்பம், நிஜம் செத்துப்போச்சு என்று அவர் போகிற தூரத்துக்கு என்னால் போகமுடியாது. மராவிச் 1988இல் தன் 40ஆவது வயதில், நண்பர்களோடு கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தபோது விழுந்து செத்தார். இதயத்தின் இடது ரத்தக்குழாய் பிறவியிலேயே அவருக்கு இல்லை என்பது பிறகுதான் தெரியவந்தது. எந்தப் பட்டியலிலும் எந்தக் கட்டத்திலும் இல்லாத விஷயம் அது. பிம்பத்துக்கு ரத்தக்குழாய் தேவைப்படாது.

*

இந்த இடத்தில் ஒரு நாவலைச் சொல்லியாக வேண்டும். ராபர்ட் கூவர் 1968இல் எழுதிய 'யுனிவர்சல் பேஸ்பால் அசோசியேஷன்'. மராவிச் ஆடிக்கொண்டிருந்த அதே காலம். கணினி இல்லை, மூன்று பகடைகளும் காகிதமும்தான். ஹென்றி வா என்கிற கணக்கர் இரவெல்லாம் உட்கார்ந்து தன் சமையலறை மேசைமேல் ஒரு பேஸ்பால் உலகத்தையே நடத்துகிறார். அவருடைய ஆட்டக்காரர்களுக்கு வம்சம் உண்டு, கட்சி உண்டு, சாவு உண்டு. டேமன் ரூதர்ஃபோர்ட் என்ற இளம் பந்துவீச்சாளன் ஒரு குறையற்ற ஆட்டத்தை வீசி முடிக்கிறான். ஹென்றிக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து பகடை விழுகிறது. பந்து தலையில் பட்டு டேமன் செத்துப்போகிறான்.

இது பைத்தியத்தைப் பற்றிய நாவல் என்றும், கடவுளைப் பற்றிய நாவல் என்றும் வாசிப்புகள் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. விதிகளைப் போட்டவர் ஹென்றிதான். விரும்பினால் அந்தச் சாவை அழித்துவிட்டு மறுபடி உருட்டலாம், கேட்பாரில்லை. அவர் அழிக்கவில்லை. அழித்தால் அந்தக் குறையற்ற ஆட்டமும் அர்த்தம் இழந்துவிடும். பிறகு டேமனைக் கொன்ற பந்தை வீசியவனைப் பழிவாங்க, ஒரு தடவை, பகடையை உருட்டாமல் கையால் திருப்பி வைக்கிறார். அந்தக் கணத்தில் அவர் பதிவாளர் என்ற வேடத்தைக் களைந்து அதிகாரம் ஆகிவிடுகிறார். கடைசி அத்தியாயத்தில் ஹென்றியே இல்லை. ஆட்டக்காரர்கள் மட்டும் பல தலைமுறைக்குப் பிறகு டேமனின் சாவைச் சடங்காக நடித்துக்கொண்டிருக்கிறார்கள், ஏன் நடிக்கிறோம் என்று தெரியாமலே. இன்றைய இணைய விளையாட்டில் பகடையைத் திருப்பி வைக்க நமக்கு வழியில்லை, இயந்திரம் நிறுவனத்திடம் இருக்கிறது. நமக்கு விடப்பட்டிருப்பது அந்தப் பங்கீட்டுக் கட்டம் மட்டும். மேலாளர் வேலை என்று சொல்லலாம்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். இந்தப் பாவனை ஆட்டக்காரன் சம்பளம் கேட்கமாட்டான், காயத்துக்கு வழக்குப் போடமாட்டான், பெயருக்கு உரிமை கோரமாட்டான். கல்லூரி விளையாட்டை நடத்துகிற அமைப்பான என்சிஏஏ பல பத்தாண்டுகள் கண்ட கனவே இவன்தான். 1955இல் கொலராடோவில் ரே டெனிசன் என்கிற கல்லூரிக் கால்பந்தாட்டக்காரர் களத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டார். கல்லூரி கால்பந்து வணிகம் நடத்தவில்லை என்று சொல்லி அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1957இல் மறுத்துவிட்டது. 'மாணவ-விளையாட்டாளர்' என்ற சொல்லாடல் இந்தக் காலகட்டத்தில்தான் உருவாக்கி நிலைநிறுத்தப்படுகிறது. அதைச் செய்த வால்டர் பையர்ஸ், என்சிஏஏவை முப்பதாண்டுக்கு மேல் ஆண்டவர், தொழிலாளி என்ற சொல் வந்துவிடாமல் தடுக்கவே அப்படிச் செய்தோம் என்று 1995இல் தன் புத்தகத்தில் அவரே எழுதினார். ஒரு சொல் கூலியை விழுங்கிய கதை.

அந்தக் கதை திரும்பியது ஒரு பாவனை விளையாட்டினால்தான் என்பது வேடிக்கை. அதே 1995இல் யுசிஎல்ஏ அணிக்குச் சாம்பியன் பட்டம் வாங்கித்தந்தவர் எட் ஓபானன், இறுதி ஆட்டத்தில் 30 புள்ளிகள். பிறகு லாஸ் வேகாஸ் பக்கம் கார் விற்றுக்கொண்டிருந்தார். நண்பர் வீட்டில் ஓர் ஒளிப்பட விளையாட்டைப் பார்த்தார். திரையில் இடதுகை ஆட்டக்காரன், எண் 31, அவருடைய உயரம், அவருடைய நிறம். பெயர் மட்டும் இல்லை. பெயரை எடுத்துவிட்டால் ஆள் இல்லை என்று நினைத்துவிட்டார்கள். 2009இல் வழக்குப் போட்டார். 2014இல் நீதிபதி கிளாடியா வில்கன் என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். 2021இல் மாணவர்கள் தங்கள் பெயர், உருவம் ஆகியவற்றுக்குப் பணம் பெறும் உரிமை வந்தது. 2024இல் கல்லூரிக் கால்பந்துப் பாவனை விளையாட்டு மீண்டும் சந்தைக்கு வந்தபோது அதில் இடம்பெறச் சம்மதித்த ஒவ்வொருவருக்கும் 600 டாலரும் விளையாட்டின் ஒரு பிரதியும் கொடுத்தார்கள். அறுநூறு. வாங்கிக்கொள்ளட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார். எண் இப்போதாவது கூலிப் பக்கம் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

*

பெண்கள் கணக்கு இன்னும் மோசம். 2024 மார்ச் 3 அன்று ஐயோவாவின் கெய்ட்லின் கிளார்க் மராவிச்சின் 3,667ஐத் தாண்டினார், 3,951இல் முடித்தார். அதற்குச் சில நாள் முன்பு அவர் தாண்டியது கான்சாஸின் லினெட் உட்வர்ட் 1981இல் முடித்த 3,649. உட்வர்ட்டின் எண் என்சிஏஏவின் பட்டியலில் இல்லை. அவர் ஆடியபோது பெண்கள் விளையாட்டை நடத்தியது ஏஐஏடபிள்யூ என்ற வேறு அமைப்பு. 1981-82இல் என்சிஏஏ பெண்களுக்கும் சாம்பியன் பந்தயம் தொடங்கியதும் அது வீழ்ந்தது. அமைப்பை விழுங்கியவர்கள் அதன் எண்களைச் செரிக்கவில்லை. சிறு கல்லூரிகளில் ஆடிய பேர்ல் மூரின் 4,061 இன்னும் பின்னால் நிற்கிறது. மூர், உட்வர்ட் இருவருமே கறுப்பினப் பெண்கள்.

கிளார்க்கைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உட்வர்ட்டின் பெயரை மறுபடி பத்திரிகைகள் எழுதியதே அவருடைய ஓட்டத்தினால்தான். ஆனால் 2024 ஏப்ரலில் உட்வர்ட் பொது மேடையில் பேசினார்: தன் சாதனை முறியடிக்கப்பட்டதாகத் தான் நினைக்கவில்லை, தான் ஆடியது ஆண்களின் பெரிய பந்தில், மூன்று-புள்ளிக் கோடும் இல்லை என்று. எழுந்த சலசலப்பில், சாதனை கிளார்க்குடையதுதான் என்று பிறகு விளக்கம் கொடுத்தார். நான் அந்த முதல் பேச்சின் பக்கம். பெண்களுக்குச் சிறிய பந்து வந்தது 1984-85 பருவத்தில்.