பாப்பரசரின் இரு அளவுகோல்கள்

மாமனிதர் எனப் போற்றப்படுவோரை மதிப்பிட முற்படும்போது வழிபாடும் வசையும் ஒருங்கே தடையாகின்றன. 1978 முதல் 2005 வரை கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவராக விளங்கிய பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும் இதற்கு விலக்கல்லர்.

போலந்தில் 1920ஆம் ஆண்டு பிறந்த அவர், நாசிகளின் ஆக்கிரமிப்புக் காலத்திற் கற்சுரங்கத்திலும் இரசாயனத் தொழிற்சாலையிலும் தொழிலாளியாக உழைத்தவர். அவ்வனுபவத்தின் சாயலை, உழைப்பைப் பற்றி 1981ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட சுற்றுமடலிற் காணலாம். மூலதனத்திலும் உழைப்பே முதன்மையானது, தனிச்சொத்துரிமை முழுமுதலானதன்று, தொழிலாளர் சங்கம் அமைப்பதும், உரிய வரம்புகளுக்குள் வேலைநிறுத்தம் செய்வதும் நியாயமே என அது கூறுகின்றது. பாட்டாளி மக்களின் பக்கம் நிற்போர் இதனை அலட்சியஞ் செய்தல் தகாது.

ஆயின், சொல்லைச் செயலோடு ஒப்புநோக்குவது விமர்சனத்தின் கடமையாகும். போலந்தின் 'ஒருமைப்பாடு' தொழிற்சங்கத்தை அரவணைத்த அதே கரம், 1983இல் நிக்கரகுவாவின் மனாகுவா விமான நிலையத்தில் விரல் நீட்டிக் கண்டித்தது. கண்டிக்கப்பட்டவர், அவர்முன் முழந்தாளிட்டு நின்ற ஏர்னெஸ்தோ கார்தெனால். கவிஞர், குரு, புரட்சி அரசின் பண்பாட்டு அமைச்சர். விடுதலை இறையியலை வளர்த்த பிரேசில் நாட்டு லெயொனார்தோ போவ் 1985இல் மௌனம் காக்குமாறு பணிக்கப்பட்டார். மரியாளையும் மானிட விடுதலையையும் இணைத்து நூலெழுதிய நம் நாட்டுத் திஸ்ஸ பாலசூரிய அடிகளார் 1997 தை மாதத்தில் திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்டார். அத்தண்டனை மறுவருடம் நீக்கப்பட்டது.

குருமார் அரசியற் பதவி வகித்தலாகாது என்பது பாப்பரசர் தரப்பு நியாயம். அங்ஙனமாயின் போவும் பாலசூரியவும் வகித்த பதவி யாது? அவர்கள் செய்த குற்றம் சிந்தித்தமையே. அரசுக்கு எதிரே சுதந்திரத்தைக் கோரிய பாப்பரசர், திருச்சபைக்குள் கீழ்ப்படிதலையே கோரினார்.

இவ்விடத்தில் நாம் நம்மையும் வினாவிக்கொள்ள வேண்டும். 1981 மார்கழியிற் போலந்தில் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டுத் தொழிற்சங்கத் தலைவர்கள் சிறையிடப்பட்டபோது, தொழிலாளர் அரசின் பெயரால் அதனை நியாயப்படுத்திய இடதுசாரிகள் உலகெங்கும் இருந்தனர். எதிரணியின் நாட்டில் மட்டும் ஒடுக்குமுறையைக் காண்பது பாப்பரசருக்கு மட்டுமே உரிய குறையன்று.

ஆகவே, அவரது சுற்றுமடலை நாம் நிராகரிக்க வேண்டியதில்லை. அதன் அளவுகோலை எடுத்து, அவரையும் அளப்போம், நம்மையும் அளப்போம்.