ஒரு சாண் கம்பியின் செம்மை

கரண்ட் அடுப்பின் காயில் நிக்ரோம் கம்பியால் ஆனது. நூற்றுக்கு எண்பது பங்கு நிக்கல், மிச்சம் குரோமியம். அமெரிக்க உலோகவியலாளர் ஆல்பர்ட் மார்ஷ் 1906இல் காப்புரிமை பெற்ற கலவை இது. செம்பைப் போல அறுபது மடங்குக்கு மேல் மின்சாரத்தை மறிக்கும். சிவக்கச் சிவக்கக் காய்ந்தாலும், மேலே படியும் குரோமியம் ஆக்சைடு உள்ளிருக்கும் கம்பியைக் காற்று அரிக்காமல் காக்கும். 230 வோல்ட்டில் 1000 வாட் சூடு தர 53 ஓம் தடை வேண்டும். 0.45 மி.மீ. கம்பியானால் ஏறக்குறைய 8 மீட்டர். அவ்வளவும் நெருக்கச் சுற்றப்பட்டு, ஒரு சாண் நீள ஸ்பிரிங்காகக் கைக்கு வரும்.

அது உட்காரும் தட்டு சுட்ட மண். அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையத்தில் இதன் பெரிய உறவைப் பார்க்கலாம். அங்குள்ள அல்ட்ராடெக் சிமெண்ட் ஆலையைப் போன்ற ஆலைகளில் சுண்ணாம்புக்கல் 1450 டிகிரி வாக்கில் வெந்துதான் கிளிங்கர் ஆகிறது. நிக்ரோம் 1400 டிகிரிப் பக்கமே உருகிவிடும். அந்த 1450 டிகிரி வெக்கையைத் தாங்கச் சூளையின் உள்சுவரில் பதிக்கும் தீச்செங்கல்லும், சமையல்கட்டில் காயில் புதைந்த தட்டும் ஒரே குடும்பம்.

அடுப்பு எரியவில்லையென்றால் முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. வயரிங் மாறிப்போன வீட்டில் சுவிட்ச் நியூட்ரலைத்தான் துண்டிக்கும், காயிலில் கரண்ட் காத்திருக்கும். அடுத்தது சீரிஸ் பல்பு. 100 வாட் குண்டு பல்பைக் காயிலோடு வரிசையாக இணைத்துப் பார்த்தால், காயில் நன்றாக இருக்கும்போது பல்பு கிட்டத்தட்ட முழு வெளிச்சத்தில் எரியும், காயிலோ சிவக்காது. பல்பு எரியாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. பெரும்பாலும் திருகில் மாட்டியிருக்கும் முனையில்தான். திருகு தளர்ந்தால் அங்கே மட்டும் சூடு கூடி, பித்தளை கருத்து, கம்பி உளுத்துப்போகும். பொங்கி வழிந்த பாலும் உப்புக் குழம்பும் நடுவிலும் அறுக்கும்.

அறுந்த இரண்டு நுனியையும் முறுக்கிவிட்டு வேலை முடிந்தது என்பவர் உண்டு. நாள்பட்ட நிக்ரோம் மொறுமொறுவென்று ஆகியிருக்கும்; முறுக்கும்போதே பக்கத்தில் இன்னொரு இடம் ஒடியும். ஈயப் பற்றாசும் உதவாது. அது 183 டிகிரியிலேயே இளகிவிடும், காயிலோ எண்ணூறைத் தாண்டும். நைந்த சுற்றுகளை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டினால் கம்பி குறையும், தடையும் குறையும், வாட் கூடும். பத்தில் ஒரு பங்கு போனாலே 1000 வாட் காயில் 1110 வாட் இழுக்கும். ‘முன்னைவிட நன்றாகக் காய்கிறதே’ என்று வீட்டில் மகிழ்வார்கள். அணையப்போகிற விளக்கின் பிரகாசம் அது. முனையோரத்தில் ஓரிரு சுற்று போனால் பரவாயில்லை. மற்றபடி புதுக் காயில்தான் முறை.

கைத்திறன் தெரியும் இடம் இனிமேல்தான். தட்டின் பள்ளத்தில் ஒரு நூலை வளைவு வளைவாகப் படுக்கவைத்து, எடுத்து நீட்டி அளக்க வேண்டும். அந்த நீளத்துக்கு ஸ்பிரிங்கை இழுக்க வேண்டும். அவசரக்காரர் அங்கங்கே பிடித்து விரலால் பிரிப்பார். ஓரிடம் நெருங்கும், ஓரிடம் இளைக்கும். தேர்ந்தவர் இரு முனையையும் பிடித்து ஒரே இழுப்பாக, மெதுவாக நீட்டுவார். எல்லாச் சுற்றும் தாமாகவே சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளும். விட்டால் கொஞ்சம் பின்வாங்கும் என்பதால் நூலைவிட ஒரு விரற்கடை கூடுதலாகப் போவது வழக்கம். அதற்கு மேல் போனால் திரும்பாது. தொளதொளவென்று பள்ளத்தைவிட்டு எழும்பும் காயில் பாத்திரத்தைத் தொடும். திறந்த கம்பியில் கரண்ட் ஓடுவதால் அது உயிருக்கே ஆபத்து. எர்த் கம்பி இல்லாத அடுப்பை இதனாலேயே பழுதுபார்த்துத் தரக் கூடாது.

முனைகளில் பீங்கான் மணிகளைக் கோத்து, வாஷர் வைத்துத் திருகை இறுக்கியபின் சீரிஸ் பல்பை மறுபடி எடுக்க வேண்டும். ஒரு வயர் காயிலில், மறு வயர் அடுப்பின் இரும்பு உடலில். பல்பு மினுக்கென்றாலும் கசிவு.

பிறகு அந்தி நேரத்தில், பாத்திரம் வைக்காமல் அடுப்பைப் போட்டுப் பார்ப்பதுதான் ரசனை. முதலில் எண்ணெய்ப் புகை லேசாக. இருட்டோடு இருட்டான சிவப்பு. பின்பு செம்பருத்தி நிறம் வளையம் வளையமாகத் தட்டெங்கும் பரவும். எந்த இடமாவது முந்திக்கொண்டு ஆரஞ்சாக ஜொலித்தால் அங்கே சுற்று நெருங்கியிருக்கிறது. ஆறவிட்டுச் சரிசெய்ய வேண்டும். கண்ணுக்கு மேல் சாட்சி வேண்டுமென்றால் வீட்டு மீட்டர் இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பார்த்தால், மீட்டரில் யூனிட்டுக்கு 3200 என்று போட்டிருக்கும்போது 1000 வாட் காயிலுக்கு அதன் சிவப்புப் பொட்டு நிமிடத்துக்கு 53 தடவை கண்சிமிட்டும். காயிலின் ஓம் கணக்கும் 53 என்பது தற்செயல்தான்.