தோளை நோகடிக்காத ரைஃபிள்

ஜிம் கார்பெட் என்றதும் பீரங்கி மாதிரி ஒரு துப்பாக்கிதான் மனக்கண்ணில் வரும். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக 1907இல் அவருக்குப் பரிசாகக் கிடைத்ததோ ரிக்பி நிறுவனத்தின் .275 ரைஃபிள். ஒல்லியான சாமான். விவரம் பொறித்த வெள்ளித் தகடு அடிக்கட்டையில் இருக்கிறது.

தோட்டா என்னவோ ஜெர்மானியச் சரக்கு. 1892இல் மவுசர் வடிவமைத்த 7×57 மி.மீ. தோட்டாவுக்கு ரிக்பி அங்குலக் கணக்கில் பெயர் சூட்டிக்கொண்டது, அவ்வளவுதான். அதில் செல்லும் குண்டு சுமார் ஒன்பது கிராம். சுட்டால் தோளில் ஒரு தள்ளல், அதோடு சரி.

முதல் ரைஃபிளுக்கு இதைவிட என்ன வேண்டும்? முரட்டு உதை விடும் துப்பாக்கியில் கைபழகுகிறவர், வெடிக்கும் முன்பே கண்ணை மூடி விசையை வெடுக்கென்று இழுப்பார். ஒட்டிக்கொண்டால் லேசில் போகாத வியாதி அது. மான் விழுவது குண்டின் பருமனால் அல்ல. முன்னங்கால் சப்பைக்குப் பின்னால், இதயமும் நுரையீரலும் இருக்கும் இடத்தில் அது பாய்வதால்.

இதே தோட்டாவால் ஆப்பிரிக்காவில் யானைகளையே சாய்த்தார் டபிள்யூ.டி.எம். பெல். யானையின் மண்டையோட்டை அறுத்து மூளை இருக்கும் இடத்தைப் படித்த மனிதர் அவர். அவரைப் பார்த்துப் பூனைகள் சூடு போட்டுக்கொள்ளக் கூடாது. நம் தருமபுரி, சேலம் காடுகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சன் நம்பியது .405 வின்செஸ்டரை. குண்டு இரண்டு மடங்குக்கும் மேல் கனம், உதையும் அதற்கேற்ப.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் இந்தத் தேர்வுக்கே வேலையில்லை. ஸ்காட்லாந்து மலைகளில் சிவப்பு மானுக்கு இன்றும் 7×57 தாராளம்.