யாருடைய பாட்டனுக்குச் சான்று வேண்டும்? – செஞ்சியை முன்வைத்து

செஞ்சியில் மூதாதைகளுக்குப் பஞ்சமில்லை. ஆடு மேய்க்கப் போன இடத்தில் புதையல் கண்டெடுத்துக் கோட்டை கட்டியதாகக் கதையில் வருகிற ஆனந்தக் கோன் இருக்கிறான். அவனுக்குப் பின்னால் கிருஷ்ணக் கோன். கிருஷ்ணகிரி அவன் பேரால் ஆனது என்பார்கள். பிறகு நாயக்கர்கள், பீஜப்பூர்க்காரர்கள், 1677இல் சிவாஜி, 1698இல் மொகலாயர்கள், 1714இல் சண்டையில் செத்த தேசிங்கு, 1750இல் பிரெஞ்சுக்காரர்கள், 1761இல் ஆங்கிலேயர்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியர்களின் இராணுவ நிலவெளி என்ற தலைப்பில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மிச்சமுள்ள ஒன்று செஞ்சி. இருபத்தொரு வருஷ ஆட்சி கோட்டையின் குலப்பெயராகிவிட்டது. தன் பாட்டன் யார் என்பதைக் கோட்டை தீர்மானிப்பதில்லை. விண்ணப்பம் போடுகிறவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள்.

விண்ணப்பம் என்ற இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பக்கம் போகலாம். இதே வட்டாரத்தில் ஓர் இருளர் குடும்பம் தன் பிள்ளையைப் பள்ளிக்கு மேல் படிக்கவைக்கச் சாதிச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பம் போடுகிறது. ‘உங்க அப்பாகிட்ட சர்டிபிகேட் இருக்கா? சித்தப்பாகிட்ட? ரத்த சொந்தத்துல யாராவது ஒருத்தர்கிட்ட?’ என்று கேட்கிறார்கள். மூதாதையைத் தேடுவது ஒருவருக்குப் பெருமை, இன்னொருவருக்கு நிபந்தனை. பதிவேட்டுக்கு வெளியே நிறுத்தி வைக்கப்பட்டவரிடமே பதிவு கேட்கப்படுகிறது. செஞ்சியைச் சுற்றியுள்ள சில பிரதிகளை இந்த முரணை மனதில் வைத்து வாசிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

முதல் பிரதி, நாராயணன் பிள்ளை எழுதிய ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’. ஆனந்தக் கோன் பரம்பரையை நமக்குச் சொல்வது இதுதான். சி.எஸ். சீனிவாசாச்சாரி 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்த தன் செஞ்சி வரலாற்றில் இதைக் கையாண்டிருக்கிறார். பிரதி எழுந்த சூழலைப் பாருங்கள். 1801இல் கர்நாடகம் முழுவதும் கும்பினியின் கைக்குப் போகிறது. அடுத்த ஓரிரு வருஷங்களுக்குள், ஆற்காட்டில் அதிகாரியாக இருந்த மக்லியோட் கேட்டுக்கொண்டதன் பேரில் இது எழுதப்படுகிறது. மெக்கன்சியின் சுவடித் திரட்டில் போய்ச் சேர்கிறது. தான் பிடித்த நாட்டை இதற்குமுன் யார் யார் வைத்திருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள நினைக்கும் அதிகாரத்துக்கு எழுதித் தரப்பட்ட பதில் இது. ஆக, இதுவும் அலுவலகம் கேட்டு வந்த சான்றுதான்.

கோனார்கள் இந்தக் கதையைச் சொந்தம் கொண்டாடுவதை நான் கேலி செய்யவில்லை. ஆடு மேய்த்தவன் கோட்டை கட்டினான் என்ற நினைவில், மேய்ச்சல் சாதியைக் கீழே வைத்த சமூகத்துக்கு எதிரான ஒரு நிமிர்வு இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்டதாகச் சொல்லப்படும் கோனுக்கும் இன்றைக்கு அவன் பேரைச் சொல்கிறவர்களுக்கும் நடுவில் எண்ணூறு வருஷ இடைவெளி. அதை நிரப்பச் சொல்லி எந்த ஆபீசும் கேட்டதில்லை. பெருமைக்கு ரத்த சொந்தம் காட்ட வேண்டியதில்லை.

இரண்டாவது பிரதி தேசிங்குராஜன் கதை. மொகலாயர்களின் கில்லேதாராக வந்த புந்தேலாக்காரர் சொரூப்சிங்கின் மகன் தேஜ்சிங், தமிழ்ப் பாட்டில் தேசிங்கு ஆனான். வடக்கேயிருந்து வந்த ஒரு குடும்பத்தை ஊர்ப்பாட்டு தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டது பெரிய காரியம்; அவனோடு முஸ்லிம் தோழன் மாவுத்துக்காரனையும் சேர்த்தே பாடியது அதைவிடப் பெரிய காரியம். தங்கள் வேரைப் புந்தேல்கண்டில் சொல்லிக்கொள்ளும் பொந்திலிகள் இன்றும் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஆனால் பாட்டு எதை நினைவில் வைக்கிறது? தேசிங்கின் குதிரைக்குப் பெயர் இருக்கிறது: பாராசாரி. தோழனின் குதிரைக்கும் இருக்கிறது: நீலவேணி. மனைவி உடன்கட்டை ஏறியதால் நினைவில் நிற்கிறாள். ராணிப்பேட்டை அவள் பேரால் வந்தது என்பார்கள். நெருப்பில் இறங்காமல் உயிரோடிருந்த பெண்களைப் பாட்டு கண்டுகொள்ளவில்லை. கல் சுமந்தவர்கள், தோல் பதனிட்டவர்கள், தண்ணீர் ஏற்றியவர்கள்? செஞ்சியின் சிறிய மலை ஒன்றை வரலாற்று நூல்கள் சக்கிலி துர்க்கம் என்று குறிக்கின்றன. ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் கதை சொல்ல ஆள் உண்டு. இந்த மலைக்குச் சாதிப்பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இங்கே என் வீட்டுக் கதையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் பிறந்தது நிலம் வைத்திருந்த ஓர் இடைநிலைச் சாதியில். என் பாட்டனின் அப்பாவைத் தேடுவது எனக்குக் கஷ்டமாக இல்லை. பழைய செட்டில்மென்ட் பதிவேட்டில் புல எண்ணுக்கு நேரே உட்கார்ந்திருந்தார். நிலம் இருந்ததால் பாட்டன் இருந்தார். பங்காளி முறையில் ஒரு பெரியப்பா ஏழு தலைமுறையை மூச்சு விடாமல் சொன்னார். எல்லாம் ஆண்கள். ‘அவங்க பொண்டாட்டிங்க பேரெல்லாம் என்ன பெரியப்பா?’ என்றேன். ‘அதெல்லாம் யாருடா வெச்சிருக்கான்? வேற வூட்லேர்ந்து வந்தவங்கதான அவங்க’ என்றார்.

அந்தப் பேர்கள் அத்தையிடம் இருந்தன. எந்த ஊரில் பெண் எடுத்தது, எந்த ஊருக்குக் கொடுத்தது, யார் தாலியறுத்துத் திரும்பி வந்தது, மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு எந்தெந்த ஊர்ச் சனம் பங்காளியாகக் கூடுவது, எல்லாம் அவருக்குத் தெரியும். பெரியப்பாவின் நினைவு மேலே மேலே ஏறி ஒரு மூலபுருஷனில் முடிகிறது. அத்தையின் நினைவு பக்கவாட்டில் ஊர் ஊராகப் போகிறது. வம்சாவளி என்ற வடிவம் முதலாவதை வரலாறு என்கிறது. இரண்டாவதைப் பொம்பளைப் பேச்சு என்று தள்ளுகிறது.

மூன்றாவது பிரதிக்குக் கடல் தாண்டிப் போக வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனார்கள். அதில் பெரும்பகுதி சென்னையில் கப்பல் ஏறியவர்கள். வடாற்காடும் தென்னாற்காடும் நிறைய ஆட்களைத் தந்த ஜில்லாக்கள். செஞ்சி அன்றைக்குத் தென்னாற்காட்டில் இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். எண்ணுக்கு நேரே பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு. ஓடிப்போனால் பிடிப்பதற்குத் தழும்பு உதவும். அதிகாரத்தின் மீது மோதிய கணத்தில் மட்டுமே எளிய மனிதர்கள் ஆவணத்தில் வெளிச்சம் பெறுகிறார்கள் என்று 1977இல் ஃபூக்கோ எழுதியது இந்தப் பதிவேட்டுக்கு அப்படியே பொருந்தும்.

ஆனால் ஃபூக்கோவோடு நிறுத்திக்கொள்ள முடியாது. உழைப்பை எண்ணி விற்பதற்காக உண்டான இதே பதிவேட்டில், கூலிக்குப் போன பெண் தனி எண்ணோடு, தன் பெயரோடு, தன் அப்பா பெயரோடு நிற்கிறாள். என் பெரியப்பாவின் ஏழு தலைமுறையில் அவளுக்குக் கிடைக்காத இடம் இது. கொடுமையான ஆவணம்தான்; இருந்தும் நாலாம் தலைமுறைப் பேத்தி டர்பனிலிருந்து அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தேடி வர முடிகிறது. வந்த பிறகு நடப்பது வேறு. வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய கிராமத்துப் பேரை ஒருவழியாக அடையாளம் கண்டு ஊருக்குள் போனால், ‘எந்தப் பக்கத்து ஆளுங்க?’ என்று ஊர் கேட்கும். ஊரா, சேரியா என்பது அந்தக் கேள்வியின் அர்த்தம். ஆள்பிடிப்பவன் சொல்லிக்கொடுத்த சாதியைக் கப்பலில் சொன்னவர்களும் உண்டு. அதனால் அந்தக் கட்டத்தை வேதவாக்காக எடுக்க முடியாது. ஊர் அதைத்தான் முதலில் எடுக்கிறது.

நான்காவது பிரதி, முதலில் சொன்ன விண்ணப்பப் படிவம். தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்றிதழ் தரும் அதிகாரம் 1989இல் வட்டாட்சியரிடமிருந்து கோட்டாட்சியர் நிலைக்குப் போனது. 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் போலிச் சான்றுகளைத் தடுக்க விசாரணை முறைகளை வகுத்தது. போலியைத் தடுக்க வேண்டும், சரிதான். ஆனால் பழைய ஆவணமும் சான்று வாங்கிய சொந்தக்காரனும் வேண்டும் என்றால், செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு அடைபட்டு, வருஷத்துக்கு ஓர் ஊர் மாறியவர்கள் எங்கே போவார்கள்? அப்பன் பள்ளிக்கூடம் போயிருந்தால்தானே பள்ளிச் சான்று? ஆவணம் இல்லாதபோது, பாம்பு பிடிப்பாயா, எலி பிடிப்பாயா என்று கேள்வி வருகிறது. சினிமா பார்க்கிற, சட்டை போட்ட இருளன் சந்தேகத்துக்குரியவன் ஆகிறான். இப்படிக் குணநலன் பார்க்கும் சோதனை மட்டுமே உரைகல் அல்ல என்று உச்ச நீதிமன்றமே 2023இல் சொல்ல வேண்டியிருந்தது. திண்டிவனத்தை மையமாக வைத்து 1996 முதல் இயங்கும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் காவல் வன்முறைக்கு எதிராகப் போராடியதோடு, இந்தச் சான்றிதழுக்காகவும் போராடி வந்திருக்கிறது. ஒருவருக்குச் சான்று கிடைத்தால் அது அவருடைய சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஆதாரம் ஆகிறது. ஒருவருக்கு மறுத்தால் கிளை மொத்தத்துக்கும் மறுத்ததாகிறது.

இருளர்களிடம் ஆவணமே இல்லையா? மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கன்னிமாரைக் கும்பிடக் கூடுகிறார்களே, அங்கே தூரத்துச் சொந்தங்கள் சந்திக்கின்றன, பெண் பார்க்கிறார்கள், கல்யாணம் நடக்கிறது. என் அத்தையிடம் இருந்தது போன்ற, பக்கவாட்டில் பரவுகிற ஆவணம் அது. கோப்பில் அதற்குக் கட்டம் இல்லை.

நிலமும் இங்கே சேர்ந்துகொள்கிறது. 1892இல் தொடங்கித் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் தமிழகத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று தலித் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அதை மீட்கப் போகிறவன், பழைய பதிவேட்டில் உள்ள பேர் தன் பாட்டன் பேர் என்று காட்ட வேண்டும். குடும்பப் பெயர் இல்லாத, ஒரே பேர் பத்துப் பேருக்கு இருந்த சேரியில் இது எவ்வளவு சுலபம்! 1980களில் பட்டாக்களைப் புதுப்பித்த யூ.டி.ஆர். திட்டத்தில் அனுபவத்தில் இருந்தவர் பேர் பல இடங்களில் ஏறிக்கொண்டது. 1994இல் செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் பஞ்சமி நிலத்துக்காகப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். பாட்டனைத் தேடுவது இங்கே உயிரோடு விளையாடுகிற காரியம்.

நண்பர்கள் சிலர், ‘மூதாதையைத் தேடுவதே சாதியைத் தேடுவதுதான், விட்டுத் தொலையுங்கள்’ என்கிறார்கள். என்னைப் போன்றவர்களுக்கு அது சரியான புத்திமதி. ஆனால் இருளனின் சாதி ஊருக்கு எந்தக் காகிதமும் இல்லாமலே தெரிகிறது. திருட்டு நடந்தால் காவலருக்கும் தெரிகிறது. சலுகை கேட்டு வரும்போது மட்டும் அலுவலகத்துக்குத் தெரியாமல் போகிறது. இந்த நிலையில், ‘வேரைத் தேடாதே’ என்று அவனிடம் சொல்வது முற்போக்கு ஆகாது.

எழுதுகிற நமக்கு இதில் வேலை இருக்கிறது. பரம்பரைக் கதை சொல்லும் நம் நாவல்கள் பெரும்பாலும் பட்டா உள்ள வீடுகளிலிருந்தே வருகின்றன. பட்டா இல்லாத வீட்டின் நினைவுக்கு என்ன வடிவம் என்று அவை யோசிப்பதில்லை. களத்தில் இருப்பவர்கள் பெரியப்பாக்களோடு அத்தைகளையும் உட்காரவைத்து, கொண்டான் கொடுத்தான் வழிகளை ஊர் ஊராக எழுதி வாங்க வேண்டும். கிராமசபையிலும் விசாரணையிலும் அதைச் சாட்சியமாக வைக்க வேண்டும். ஒருவரின் கோரிக்கை பொய் என்று நினைத்தால் அதை நிரூபிக்க வேண்டியது அரசு என்று கேட்கவும் வேண்டும். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் ஒரு கூலிப் பெண்ணின் தழும்பு வரைக்கும் எழுதிவைக்க ஆள் இருந்தது. இன்றைக்கு ஒரு சூளைத் தொழிலாளியின் பாட்டி பேரை அவர் சொல்லக் கேட்டு எழுதிக்கொள்ள ஏன் ஆள் இல்லை?